வழக்காட வந்த அம்பலவாணர்

திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த வழக்கைச் சிவனடியார் குடும்பங்கள் அனைத்தும் அறியும். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, ஒரு முதிய அந்தணர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று தடுத்தார். கையில் ஓர் ஓலையும் வைத்திருந்தார். சினம் கொண்ட மணமகன் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் சற்றும் கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்றார்.

வழக்கு அவைக்குச் சென்றது. அவையோர் முதியவரின் நரைமுடியைப் பார்த்து இரங்கவும் இல்லை. மணமகனின் அழகைப் பார்த்து மயங்கவும் இல்லை. அனுபோகம், ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டுமாறு கேட்டார்கள். மூல ஓலை வந்தது. அதில் இருந்த எழுத்தை, நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையின் எழுத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. முதியவரின் பக்கம் தீர்ப்பு ஆயிற்று. வழக்கில் வென்றவர் யார் என்பது அவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்த பின்னரே அனைவருக்கும் விளங்கிற்று.

இறைவன் நீதிமன்றம் ஏறிய கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், சோழ நாட்டின் ஒரு சிற்றூரில் கோயில் கொண்டிருந்த சிவபெருமான் மீண்டும் ஒரு வழக்கில் தோன்றினார். இம்முறை அவை கூடிய இடம் திருவெண்ணெய்நல்லூர் அன்று. கடல் கடந்த லண்டன் மாநகரம். வழக்கின் பொருள் அடிமை அன்று. அவருடைய ஆடல் திருமேனியே வழக்கின் பொருளாக இருந்தது.

பத்தூர் மண்ணில் கிடைத்த புதையல்

அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் பத்தூர் என்றொரு கிராமம். அங்கே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விசுவநாத சுவாமி கோயில் ஒன்று இருந்தது. சோழர் காலத்தில் ஊர்ப் பெருமகன் ஒருவர் நிலம் அளித்து எழுப்பிய கோயில் அது. காலப்போக்கில் பூசை நின்றது, விமானம் சரிந்தது, சுவர்கள் விழுந்தன. 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குப் புதர் மண்டிய கற்குவியல் ஒன்றே கண்ணில் பட்டது.

1976ஆம் ஆண்டு, அந்தக் கோயில் நிலத்தை ஒட்டிக் குடிசை போட்டு வாழ்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் அங்கே மண்ணைத் தோண்டினார். கருவி ஏதோ உலோகத்தில் மோதியது. மண்ணை விலக்கிப் பார்த்தபோது ஐம்பொன் திருமேனிகள் தென்பட்டன. அவற்றுள் ஒன்று, வலக்கை ஒன்றில் உடுக்கையும் இடக்கை ஒன்றில் தீச்சுடரும் ஏந்தி, முயலகன் மீது ஊன்றிய பாதத்தோடும் தூக்கிய திருவடியோடும் நின்ற நடராஜர்.

மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் பற்றி நம் நாட்டில் 1878ஆம் ஆண்டிலிருந்தே புதையல் சட்டம் நடப்பில் உள்ளது. 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அன்றாடக் கூலியில் வயிறு கழுவிய அந்த மனிதருக்கு இந்த விதி தெரிந்திருக்க நியாயம் இல்லை. தெரிந்திருந்தாலும், தாலுகா அலுவலகத்துப் படியேறும் துணிவு வந்திருக்குமா என்பது ஐயமே. செய்தி நண்பர் ஒருவரின் காதுக்குப் போயிற்று. அவர் வழியாகச் சிலை வாங்கும் தரகரின் காதுக்கும் போயிற்று. எண்ணூறு ஆண்டு மூத்த திருமேனி, அதன் மதிப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் ஈடாகாத சொற்பத் தொகைக்குக் கைமாறியது.

அதன் பின்னர் நடந்தவை அனைத்தும் இருளில் நடந்தவை. ஒரு தரகரிடமிருந்து இன்னொரு தரகர், ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரம் என்று திருமேனி நகர்ந்தது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறியது, உண்மை மறைந்தது. இறுதியில் அது லண்டனில் இருந்த கலைப்பொருள் வணிகர் ஒருவரின் கைக்குச் சென்றது. 1982ஆம் ஆண்டு, கனடா நாட்டைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியது. இந்தத் திருமேனி எங்கிருந்து வந்தது என்பதற்கு வணிகர் காகிதம் ஒன்றைக் காட்டினார். அந்தக் காகிதம் பொய் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வாங்கினார்கள் என்பதை நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

வாங்கிய திருமேனியைப் பரிசோதித்துச் செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பி வைத்தார்கள். திருடுபோன பொருள் என்ற தகவலின் பேரில் லண்டன் மாநகரக் காவல்துறை அங்கே வந்து நடராஜரைக் கைப்பற்றியது. நிறுவனம் சும்மா இருக்கவில்லை. தங்கள் உடைமையைத் திருப்பித் தர வேண்டும், இழப்பீடும் வேண்டும் என்று காவல்துறை ஆணையர் மீதே வழக்குத் தொடுத்தது. இவ்வாறுதான் பத்தூர் நடராஜர் லண்டன் உயர் நீதிமன்றத்தின் வாசலுக்கு வந்தார்.

உரிமை கோருவது யார்?

வழக்கு தொடங்கியதும் இந்தியாவின் தரப்பிலிருந்து உரிமை கோருவோர் அடுத்தடுத்து முன்வந்தனர். இந்திய அரசு ஒன்று. தமிழக அரசு ஒன்று. கோயிலின் பொறுப்பை ஏற்ற தக்கார் ஒருவர். இவர்களோடு மேலும் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஒன்று, இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில். மற்றொன்று, அந்த இடிபாடுகளிடையே கிடைத்து மீண்டும் வழிபாட்டில் வைக்கப்பட்ட சிவலிங்கம்.

ஆங்கிலேய வழக்கறிஞர்களுக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. கம்பெனி வழக்காடலாம், நகராட்சி வழக்காடலாம், மனிதர் வழக்காடலாம். ஒரு கற்குவியலும் ஒரு கல்லும் நீதிமன்றத்தில் தரப்பினராக நிற்பது எவ்வாறு? அவர்களுடைய நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வழக்காளி அதுவரை இல்லை.

நம் நாட்டிலோ அது புதிய செய்தி அன்று. ஊர்க் கோயில் நிலத்தின் பட்டாவை எடுத்துப் பார்த்தால், உரிமையாளர் என்ற இடத்தில் சுவாமியின் பெயரே இருக்கும். குத்தகை நெல் அளக்கப்படுவது அவர் பெயரில். நகைப் பதிவேடு அவர் பெயரில். வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கும். கையெழுத்து மட்டும் தக்காரோ அறங்காவலரோ இடுவார். வயது வராத பிள்ளையின் சொத்தைக் காப்பாளர் பேணுவது போல, சுவாமியின் சொத்தை அவர்கள் பேணுகிறார்கள். இந்து ஆலயத்தின் மூர்த்தி சட்டத்தின் கண்ணில் ஓர் 'ஆள்' என்பதை, ஆங்கிலேய ஆட்சியின் உச்ச மன்றமாகிய லண்டன் பிரிவி கவுன்சிலே 1925ஆம் ஆண்டு ஒரு வங்காள வழக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே லண்டனில் அந்தக் கொள்கை நேருக்கு நேராகச் சோதிக்கப்பட்டது.

அனுபோகம், ஆவணம், சாட்சி

வெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்ட அதே மூன்றையும் லண்டன் நீதிபதியும் கேட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

முதலாவது அனுபோகம். அந்தத் திருமேனி பத்தூர்க் கோயிலில் வழிபாட்டில் இருந்ததைக் கண்ணால் கண்டவர் உயிரோடு ஒருவரும் இல்லை. பூசை கண்ட தலைமுறை மறைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

இரண்டாவது ஆவணம். இது கோயிலின் நடராஜர் என்று காட்டும் பதிவேடோ புகைப்படமோ கிடையாது. மண்ணுக்கடியில் இருந்தவரை யார் படம் எடுக்க முடியும்? எதிர்த்தரப்பிடம் இருந்த காகிதமோ பொய்யாகப் புனையப்பட்டது.

எஞ்சியது சாட்சி ஒன்றே. அதிலும் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. 1976இல் பத்தூரில் ஒரு நடராஜர் கிடைத்தார் என்பதை மட்டும் மெய்ப்பித்தால் போதாது. அந்த நடராஜர்தான் லண்டனில் இருக்கும் நடராஜர் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். இடையில் அவர் எத்தனையோ கைகள் மாறியிருந்தார். அவர் வேறு, இவர் வேறு என்று நிறுவனத்தின் தரப்பில் வன்மையாக வாதிடப்பட்டது.

அந்த முடிச்சை அவிழ்த்ததில் தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக விளங்கிய டாக்டர் இரா. நாகசாமி அவர்களின் சாட்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பத்தூர்க் குழியில் நடராஜரோடு புதைந்திருந்த பிற திருமேனிகள் தமிழகத்தில் மீட்கப்பட்டிருந்தன. ஒரே பட்டறையில், ஒரே கோயிலுக்காக வார்க்கப்பட்ட திருமேனிகளுக்கிடையே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இருப்பதைப் போன்ற சாயல் இருக்கும். முக வடிவு, அணிகலன் அமைப்பு, பீடத்தின் வேலைப்பாடு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அந்தச் சாயல் எடுத்துக் காட்டப்பட்டது. பாட்டனாரின் எழுத்தை இன்னோர் ஓலையோடு ஒத்துப் பார்த்த அவையோரின் முறை இதுவேதான். இங்கே எழுத்துக்குப் பதிலாகச் சிற்பியின் கை ஒத்துப் பார்க்கப்பட்டது.

அடுத்து மண் சாட்சி சொன்னது. திருமேனியின் மடிப்புகளில் ஒட்டியிருந்த மண்ணும் பத்தூர் மண்ணும் ஆய்வுக்கு உட்பட்டன. உலோகத்தின் கலவை ஆராயப்பட்டது. கறையான் ஊர்ந்த தடங்கள்கூட நீதிமன்றத்தில் பேசப்பட்டன. நூற்றாண்டுகளாக இறைவனின் திருமேனி மீது ஊர்ந்த சிற்றுயிர்கள் அவர் வீட்டு முகவரியைத் தங்கள் தடத்தில் எழுதி வைத்திருந்தன! ஆனைக்காவில் சிலந்திக்கும் ஆனைக்கும் அருளிய பெருமானுக்குக் கறையானும் ஒரு தொண்டு செய்தது என்று அன்பர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

எண்ணூறு ஆண்டு உயிரோடிருந்த எண்ணம்

1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நீதிபதி இயன் கென்னடி தீர்ப்பு வழங்கினார். லண்டனில் இருப்பவர் பத்தூர் நடராஜரே. அவர் மீது நிறுவனத்தைக் காட்டிலும் கோயிலுக்கே மேலான உரிமை உண்டு என்பது அவருடைய முடிவு.

அந்தத் தீர்ப்பில் அடங்கிய ஒரு கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. கோயில் இடிந்து போயிற்று. பூசை நின்று போயிற்று. ஊரில் அதை நினைப்பாரும் இல்லை. ஆயினும், 12ஆம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் எழுப்பிய அந்தப் பெருமகனின் புண்ணிய எண்ணம் அழியவில்லை. அது இன்றும் நிலைத்திருக்கிறது. அதன் உருவாகச் சிவலிங்கம் விளங்குகிறது என்பதே அக்கருத்து. நம் கல்வெட்டுகளில் தருமம் செய்தவர்கள் தங்கள் அறம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடக்க வேண்டும் என்று பொறித்து வைத்தார்கள். அதை வெறும் சொல்லலங்காரம் என்று நினைப்பவர் உண்டு. சந்திராதித்தவரை என்பது சட்டத்திலும் செல்லும் சொல்தான் என்பதை அயல்நாட்டு நீதிபதி ஒருவர் நமக்கு உணர்த்தினார்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. மூன்று நீதிபதிகள் அதை விசாரித்தார்கள். ஒரு நாட்டின் சட்டம் ஒரு கோயிலை வழக்காடும் தகுதி உடையதாக ஏற்குமானால், நாடுகளுக்கிடையே இருக்க வேண்டிய மரியாதையை ஒட்டி, ஆங்கில நீதிமன்றமும் அதை ஏற்க வேண்டும் என்று அவர்கள் கூறினார்கள். தக்காரின் வழியாகக் கோயில் உரிமை கோரியது செல்லும் என்றார்கள். கோயிலே வென்றுவிட்டபடியால், சிவலிங்கம் தனியே வழக்காட இயலுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. அதே ஆண்டு நடராஜர் தாயகம் திரும்பினார்.

புதைத்த கை யாருடையது?

வழக்கு முடிந்தது, மர்மம் முடியவில்லை. நீதிமன்றம் கேட்க வேண்டிய தேவை இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அந்தத் திருமேனிகளைப் புதைத்தவர்கள் யார்? எப்போது புதைத்தார்கள்? ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை?

ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணுக்குள் மறைப்பது நம் ஆகம மரபு அறிந்த செயலே. வைகானச ஆகமத்தைச் சேர்ந்த விமானார்ச்சன கல்பம் என்னும் நூல், பகைவராலும் கள்வராலும் அச்சம் நேரும்போது மூர்த்திகளை எவ்வாறு காக்க வேண்டும் என்று முறை வகுத்திருக்கிறது. மறைவான இடத்தில் குழி தோண்ட வேண்டும். அதில் மணல் பரப்ப வேண்டும். பூமிதேவியை வேண்டிக்கொண்டு, உரிய கிரியைகளோடு மூர்த்தியை உள்ளே கிடத்தி மூட வேண்டும். ஆபத்து நீங்கியதும் வெளியே எடுத்துச் சுத்தி செய்து மீண்டும் பிரதிஷ்டை செய்ய வேண்டும். ஆகவே புதைப்பது கைவிடுவது ஆகாது. பூமித்தாயின் மடியில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, திரும்ப வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லும் வாக்குறுதி அது.

அந்த வாக்குறுதி நிறைவேறிய இடங்களும் உண்டு. தில்லை அம்பலவாணரே 1648ஆம் ஆண்டு சிதம்பரத்தை நீங்கி, குடுமியான்மலையிலும் மதுரையிலும் தங்கி, 37 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 1686இல் திரும்ப எழுந்தருளினார். அங்கே கொண்டு சென்றவர்களும் அவர்களின் வாரிசுகளும் நினைவைக் கட்டிக் காத்தார்கள். மறைத்த இடம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சொல்லப்பட்டது. அதனால் நடராஜர் மீண்டார்.

பத்தூரில் அந்தச் சங்கிலி எங்கோ அறுந்துவிட்டது. 1311இல் மாலிக் கபூரின் படை தெற்கே வந்த காலத்தில் அது நடந்திருக்கலாம். அதற்குப் பின் இரண்டொரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த போர்களில் ஒன்றாகவும் இருக்கலாம். விடை எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. எண்ணிப் பார்க்க முடிவது ஒன்று உண்டு. ஓர் இரவில், அணைத்துவிட்ட விளக்கோடு, ஒரு சிவாச்சாரியாரும் அவருக்கு உதவியாக ஊரார் ஓரிருவரும் குழி தோண்டியிருப்பார்கள். அறிந்தவர் கூடினால் ஆபத்தும் கூடும் என்பதால் மிகச் சிலருக்கே இடம் தெரிந்திருக்கும். அந்தச் சிலரும் போரிலோ பஞ்சத்திலோ நோயிலோ மறைந்திருப்பார்கள். அல்லது தொலை தேசம் சென்று திரும்ப முடியாமல் கண்ணை மூடியிருப்பார்கள். இறக்கும் தறுவாயில் பிள்ளையிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமலே போன ரகசியங்கள் இந்தக் காவிரி நாட்டு மண்ணில் எத்தனை புதைந்து கிடக்கின்றனவோ!

அவ்வப்போது பூமித்தாய் தன்னிடம் ஒப்படைத்தவற்றைத் திருப்பித் தருகிறாள். திருவெண்காட்டில் 1951 முதல் கிடைத்த ரிஷபவாகன தேவரும் கல்யாணசுந்தரரும் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் காண்போரைக் கைகூப்ப வைக்கிறார்கள். 1987இல் எசாலத்தில் கோயில் திருப்பணியின்போது இராசேந்திர சோழனின் செப்பேடும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. சம்பந்தப் பெருமான் பிறந்த ஊரிலேயே அவருடைய திருவாக்கு செப்பேட்டில் காத்திருந்தது என்பதை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. புதைத்தவர்களின் பெயர் இவற்றில் எங்கும் இல்லை. தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை; சுவாமி பிழைத்தால் போதும் என்றிருந்தார்கள்.

இன்றைய படியோலை

பத்தூர் வழக்கில் மண்ணும் கறையானும் சாட்சி சொல்ல வேண்டிவந்தது ஏன்? ஆவணம் இல்லாததால்தான். ஆவணம் இருந்த இடங்களில் மீட்பு எவ்வளவு எளிதாயிற்று என்பதற்கும் சான்றுகள் உண்டு.

தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் நடராஜரைப் பழுது பார்க்க வெளியே கொடுத்தபோது, போலி ஒன்றைச் செய்து கோயிலில் வைத்துவிட்டு, அசலைக் கடத்திவிட்டார்கள். கோயிலில் இருப்பது போலி என்பதைப் பிரிட்டிஷ் மியூசிய அறிஞர் டக்ளஸ் பாரெட் 1965இல் தம் நூலில் எழுதிய பின்னரே உலகம் அறிந்தது. அமெரிக்காவின் நார்டன் சைமன் அறக்கட்டளையிடம் இருந்த அந்த நடராஜர், நீண்ட வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பிறகு 1986இல் நாடு திரும்பினார். அதுவரை கோயிலுக்கு வந்த பக்தர்கள் போலியின் முன்தான் கைகூப்பி நின்றார்கள். அவர்களுடைய பக்தியில் போலி இல்லை. ஆனால் பக்தியோடு சற்றே விழிப்பும் சேர்ந்திருந்தால், வெளியே சென்ற சுவாமி திரும்பியபோதே முக மாற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடப்பட்டு, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தால் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சென்று கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரின் படமும் அதில் இருந்தது. அந்த ஒரு படம் ஆயிரம் வாதங்களுக்கு ஈடாக நின்றது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அவரை நம் பிரதமரிடம் நேரில் ஒப்படைத்தார். திருவெண்ணெய்நல்லூர் முதியவர் மூல ஓலையைப் பத்திரமாக வைத்திருந்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. இக்காலத்துக்குப் புகைப்படமே ஓலை.

ஊருக்கு ஊர் கோயிலில் பழகிய மூத்தோர் இருக்கிறார்கள். எந்தத் திருமேனியின் எந்த விரலில் தேய்மானம் உண்டு, எந்தப் பீடத்தில் எழுத்துப் பொறித்திருக்கிறது, எந்த உற்சவர் எந்த ஆண்டு முதல் புறப்பாடு காணாமல் உள்ளே இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களோடு அந்த அறிவும் போய்விடக் கூடாது. பத்தூரில் அறுந்த சங்கிலி இவ்வாறுதான் அறுந்தது. பேரப்பிள்ளையைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, பிரசாதம் வாங்கித் தருவதோடு நின்றுவிடாமல், சந்நிதி சந்நிதியாகச் சுவாமியின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லித் தருவது ஒரு திருப்பணிக்கு ஈடாகும். திருமேனிகளின் பதிவேடு சரியாக உள்ளதா, படங்கள் எடுக்கப்பட்டுள்ளனவா என்று செயல் அலுவலரிடம் பணிவாகக் கேட்பதில் தவறேதும் இல்லை. கேட்பவர் இருக்கும் கோயிலில் கள்வன் கைவைக்க அஞ்சுவான்.

வழக்கில் வென்ற பத்தூர் நடராஜர் பின்னர் என்ன ஆனார் என்று அறிய அன்பர்கள் விழையலாம். இடிந்த கோயிலில் காவல் இல்லை. ஆகவே, பாதுகாப்புக் கருதி அவரைத் திருவாரூரில் உள்ள திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் கொண்டு வைத்தார்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, ஆவணி, புரட்டாசி, மாசி மாதங்களின் சதுர்த்தசி என ஆண்டுக்கு ஆறு முறை நடராஜப் பெருமானுக்குத் திருமுழுக்கு என்பது நம் மரபு. உலகமே வியந்த வழக்கில் வென்று வந்தவர், தம் ஊரில் அந்த ஆறு நாளையும் காணாமல், பூட்டிய கதவுக்குள் தங்க நேர்ந்தது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருமகன் கோயில் எழுப்பினார். பிற்காலத்தில் பெயர் தெரியாத ஒருவர் அவரை மண்ணில் மறைத்துக் காத்தார். கடல் கடந்த நீதிபதி ஒருவர் அவரை அவர் வீட்டுக்குரியவர் என்று சொல்லி அனுப்பினார். மூவரும் தத்தம் கடமையைச் செய்துவிட்டார்கள். வீட்டைச் செப்பனிட்டு, விளக்கேற்றி, வாசலில் கோலமிட்டு அவரை உள்ளே அழைப்பது நான்காமவரின் கடமை. அந்த நான்காமவர் இன்று கோயிலுக்குச் செல்லும் தலைமுறைதான்.